எழுவான்கரையில் மாரிநீரின் வழி

நீரால் வளம்பெற்ற நாடுகள் பல உள. நீரையே பெயராகப் பெற்றது மட்டக்களப்பு. களப்பு என்பது கடலோரத்து ஆழமற்ற நீர்நிலையைக் குறிக்கும் சொல். அயலூர்களின் பெயர்களும் அத்தகையனவே. புளியந்தீவு, பாலமீன்மடு, அமிர்தகழி, மஞ்சந்தொடுவாய், திருப்பெருந்துறை, தாளங்குடா, கிரான்குளம், கல்லாறு என்று கரைவழியே சொல்லிக்கொண்டு போனால், தீவும் மடுவும் கழியும் தொடுவாயும் துறையும் குடாவும் குளமும் ஆறுமாக, நீர் நிற்கும் நிலைகளும் ஓடும் நிலைகளும் பெரும்பாலும் வந்துவிடும். இவ்வூர்களுக்குப் பெயரிட்டோர், நீர் எங்கே தேங்கும், எங்கே ஓடும், எங்கே கடலோடு கலக்கும் என்று பார்த்தே குடியேறினர் போலும். அப்பெயர்களை நாம் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கிறோம். ஆயினும் மடுவை நிரப்பி வீடு கட்டுகிறோம். கழியை மறித்து வீதி போடுகிறோம். மாரி வந்ததும் வாசலில் நிற்கும் நீரைப் பார்த்து வியப்படைகிறோம்.

வெள்ளத்தின் இயல்பை அறிய விரும்புவோர் வெள்ளகாலத்திற் போய்ப் பயனில்லை. அப்பொழுது எங்கும் நீராகவே இருக்கும். அது வந்த வழியும் போகும் வழியும் புலப்படா. நிலம் காய்ந்து கிடக்கும் காலமே அதற்கு ஏற்றது. ஆதலின், புரட்டாதி கழியும் தறுவாயில், முதல் மழை விழுமுன், வாவியைச் சுற்றிவர நாம் புறப்பட்டோம். கல்லடியிலிருந்து தெற்கே கல்முனை வரை எழுவான்கரையாற் சென்று, கிட்டங்கியில் வாவியைக் கடந்து, படுவான்கரை வழியாக மண்முனைக்கு மீண்டு, ஈற்றிற் பாலமீன்மடு முகத்துவாரத்தை அடைவது நமது ஏற்பாடு. வெளியூர் வாசகர்க்கு ஒரு சொல்: வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை, மேற்கே, ஞாயிறு படும் பக்கத்தில் விரிந்து கிடக்கும் வயல்நிலம் படுவான்கரை.

நான்கு வகை நீர்

கல்லடிப் பாலத்தில் நின்று பார்ப்போர்க்கு வாவி அமைதியே உருவாகத் தோன்றும். இங்கே பாடும் மீன்களின் இசை கேட்கும் என்பர். ஆங்கிலேயர் காலத்து ஆளுநர் ஒருவருடைய துணைவியாரின் பெயர்தாங்கிய பழைய இரும்புப் பாலமும், அதனருகே 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய பாலமும் நகரையும் கல்லடியையும் இணைக்கின்றன. வடக்கு தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் பரப்பு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்நீர் ஒரு சென்ரிமீற்றர் உயர்வதற்கே பதினான்கு இலட்சம் கனமீற்றர் நீர் வந்து சேர வேண்டும். அத்தகைய வாவி மாரியில் அடி அடியாக உயர்கிறது எனின், வந்து சேரும் நீரின் அளவை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நகரை நனைக்கும் நீர் நான்கு வகைப்படும். மேலிருந்து விழும் மழை ஒன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடுவது இந்நாட்டு வழக்கம். மேற்கே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வழியும் மிகைநீரும் வயல்களின் வடிநீரும் இரண்டாவது. கிழக்கே அலைமோதி, உள்நீரை வெளியே விடாது தடுக்கும் கடல்நீர் மூன்றாவது. நான்காவது, பலரும் எண்ணிப் பாராத நிலத்தடி நீர். கோடையில் மணலுக்கடியில் ஆழ இறங்கிக் கிடக்கும் அந்நீர், மாரி வலுக்க வலுக்க மேலேறி, மார்கழியிற் பல வளவுகளில் நிலமட்டத்தையே தொட்டுவிடும். அந்நிலையில் விழும் மழைத்துளி மண்ணுக்குள் இறங்க இடமின்றி மேலேயே நிற்கும்.

நான்கும் ஒரே வேளையிற் கூடிவிட்டால் வருவது பேரழிவு. 1957 மார்கழி வெள்ளத்தை முதியோர் இன்றும் ஓர் ஆண்டுக்கணக்காகவே வைத்துப் பேசுகின்றனர். 2011 ஜனவரியில் வந்த வெள்ளத்திற் கிழக்கு மாகாணத்திலும் அயல் மாவட்டங்களிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பெற்றனர். அது வடியுமுன்னே பெப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் இறுதியில், பெரும் மழையின்போது, காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அள்ளுண்டு, மத்ரசா மாணவர் உட்படச் சிலர் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது.

இத்தகைய பெருவெள்ளத்தை வாய்க்காலும் புல்லும் மரமும் முற்றாகத் தடுத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆண்டுதோறும், பெருவெள்ளம் இல்லாத காலத்திலும், ஒருநாள் மழைக்கே மூன்று நாள் வீதியில் நீர் நிற்கிறதே, அதற்கு மருந்து உண்டு. அம்மருந்து பெரும் பணம் வேண்டாதது. அதனைத் தேடியே நமது பயணம்.

கிடுகு வேலியும் மதிலும்

கல்லடியிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியின் இருமருங்கும் வீடுகள். காத்தான்குடியை நெருங்க நெருங்க ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் இடைவெளியே இல்லை. இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அதனையடுத்து ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், களுவாஞ்சிக்குடி எனத் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மணிமாலைபோல் தொடர்கின்றன.

பழைய வீடு ஒன்றைக் கூர்ந்து பார்த்தோம். வீட்டின் அத்திவாரம் உயர்ந்திருக்கிறது. படிகள் ஏறியே திண்ணையை அடைய வேண்டும். முற்றமோ தாழ்ந்து, வெண்மணல் பரப்பியபடி கிடக்கிறது. சுற்றிலும் கிடுகு வேலி. தென்னையும் முருங்கையும் ஒரு பக்கம், கிணற்றடியில் வாழை. மழை பெய்தால் கூரைநீர் மணலில் விழுந்து இறங்கும். மிகுதி, வேலியின் அடியாற் கசிந்து அயல்வளவுக்கும் அங்கிருந்து ஒழுங்கைக்கும் போகும். வீடு நனையாது, நீரும் நிற்காது. இதனை அமைத்தவர் எந்தப் பொறியியற் கல்லூரியிலும் கற்றவர் அல்லர்.

அதன் அயலிலே புது வீடு. முற்றம் முழுவதும் கிரவல் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். அதன்மேற் சீமெந்துக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நாற்புறமும் மதில். விழும் மழை ஒரு துளியும் உள்ளே இறங்க வழியில்லை. வாயிற் கதவின் வழியே வீதிக்கு ஓடி, தாழ்ந்த வளவிற் போய் நிற்கும். அடுத்த ஆண்டு அத்தாழ்ந்த வளவினரும் கடன்பட்டாவது கிரவல் கொட்டுவர். பின்னர் அவருக்கும் அயலில் உள்ளவர். இப்படி வளவுக்கு வளவு போட்டியிட்டு உயர்ந்துகொண்டு போனால், கடைசியில் நீர் யார் வீட்டில் நிற்கும்? கிரவல் வாங்க வசதியில்லாத ஏழையின் வீட்டில். வெள்ளம் இயற்கையின் செயல் என்கிறோம்; அது யாருடைய வீட்டில் நிற்கும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம்.

சிறிய கணக்கொன்று பார்ப்போம். பத்துப் பேர்ச் வளவு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது இங்கு மாரியிற் புதுமையன்று. அன்று அவ்வளவில் விழும் நீர் 25,000 லீற்றருக்கு மேல். 200 லீற்றர் கொள்ளும் எண்ணெய்ப் பீப்பாய்களில் நிரப்பினால் நூற்றிருபத்தைந்து பீப்பாய் வரும். நூறு வீடுகள் உள்ள ஒரு வட்டாரம் தன் முற்றங்களை மூடிவிட்டால், இருபத்தைந்து இலட்சம் லீற்றர் ஒரே நாளில் வீதியை நோக்கி வருகிறது. இதனை ஏந்த எத்தனை அகலமான வடிகான் வேண்டும்!

வடிகான் கட்டினாலுந்தான் என்ன? எழுவான்கரை தட்டையான நிலம். நீர் தானே ஓடுவதற்கு வேண்டிய சரிவு மிகக் குறைவு. வடிகானின் வாய் வாவியில் திறக்கிறது. வாவி உயர்ந்ததும் அவ்வாய் நீருள் மூழ்குகிறது. பின்னர் வடிகானில் ஊர்நீர் வெளியே போவதற்குப் பதிலாக வாவிநீர் ஊருக்குள் வருகிறது. மூடிய சீமெந்து வடிகான்களிற் பொலித்தீன் பைகளும் போத்தல்களும் அடைத்துக்கொண்டால், மழை ஓய்ந்த பின்னரும் நீர் தேங்கி நுளம்பு பெருகும். டெங்குக் காய்ச்சலை இம்மாவட்டத்தார்க்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வடிகான் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. நீர் முழுவதையும் வடிகானின் தலையிலேயே சுமத்துவது தகாது என்பதே.

முதல் உதவி வளவிலேயே தொடங்கலாம். மதிலின் அடியிற் சாண் அளவுக்குத் துளைகள் விட்டால் போதும். பழைய வேலி செய்த வேலையை மதிலும் செய்யும். முற்றத்தில் நடைபாதைக்கு மட்டும் கல் பதித்து ஏனையதை மணலாகவோ புல்லாகவோ விடலாம். நிலத்தை உயர்த்தாது வீட்டின் அத்திவாரத்தை உயர்த்தலாம். கூரைநீர் விழும் இடத்திற் குழி தோண்டிச் சரளைக்கல் நிரப்பி வைக்கலாம். இம்மணல் நிலத்திலே, நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகைத் தொடக்க மழைகளை அக்குழி விரைவாகக் குடித்துவிடும். ஆனால் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எட்டவே அதனை அமைக்க வேண்டும். இல்லையேல் ஒரு தீமையைத் தீர்க்கப் போய் வேறொன்றை வரவழைத்தவராவோம். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்ட பின்னர் இக்குழிகளால் அதிக பயன் இல்லை. அப்பொழுது நீர் நிலத்தின்மேல் தங்கியிருக்க இடம் வேண்டும். அவ்விடம் எது என்பதை அறியக் கல்முனைப் பக்கம் போக வேண்டும்.

தோணாவும் வட்டையும்

பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு ஆகிய ஊர்களைக் கடக்கையில் நிலம் மிக ஒடுங்கிவிடுகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இங்கே வாவிக்குத் தெற்கு முகத்துவாரம் இருக்கிறது. அதனைத் தாண்டிக் கல்முனை, அப்பால் சாய்ந்தமருது.

கிழக்கிலங்கைக் கரையூர்களில் 'தோணா' என்று ஒரு சொல் வழங்குகிறது. ஊருக்குள் விழும் மழைநீரை ஏந்திக்கொண்டு, கடற்கரை மணல்மேட்டின் பின்புறத்தில் ஒடுங்கிய ஓடையாகக் கிடந்து, நீர் பெருகியதும் மணலை உடைத்துக் கடலிற் சேர்வது தோணா. கோடையில் அது சிறு நீர்த்தேக்கம். மாரியில் அதுவே பெருவாய்க்கால். யாரும் வெட்டாத வடிகான் அது என்று சொல்லலாம். சாய்ந்தமருதுத் தோணா இவ்வகையில் இப்பகுதியார் யாவரும் அறிந்தது. குப்பை கொட்டும் இடமாகவும், நீர்த்தாவரம் மூடிய சாக்கடையாகவும் அது சீரழிந்ததும், அதனைத் துப்புரவாக்க வேண்டுமென்று ஊரார் அடிக்கடி குரலெழுப்பியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தனவே.

கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டை விரிந்து கிடக்கிறது. வட்டை என்பது வயற்பரப்பைக் குறிக்கும் இந்நாட்டு வழக்கு. பெரும்போகத்தில் நெல் விளையும் இத்தாழ்நிலம், ஊர்நீரை முதலில் ஏந்தி, மெல்ல மெல்ல வாவிக்கு விடும் தேக்கமாகவும் பயன்பட்டு வந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, ஓரங்களிலிருந்து கிரவல் கொட்டி நிரப்பி வருகிறார்கள். குடியிருக்க நிலமில்லாத மக்களின் இடர்ப்பாடு பெரிது. அதனை நாம் இகழவில்லை. ஆனால் நிரப்பிய ஒவ்வொரு காணியும் அங்கே முன்னர் நின்ற நீரை எங்கோ ஓரிடத்திற்குத் தள்ளிவிட்டிருக்கிறது. தள்ளுண்ட நீர் ஊருக்குள்ளேதான் வரும்.

இவ்வுண்மையைக் கொழும்பு மாநகரம் பெருஞ்செலவு கொடுத்துக் கற்றது. 2010 நவம்பரில் ஓரிரவு மழையிலே ஶ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் உள்ள பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. அதன்பின் உலக வங்கியின் கடனுதவியோடு நகரின் நீர்வழிகளைச் சீராக்கும் திட்டம் 2012ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்றது. வாய்க்கால்களை ஆழமாக்கியதோடு, எஞ்சியிருந்த சதுப்பு நிலங்களைக் காப்பதும் அத்திட்டத்தின் பகுதியாயிற்று. சுமார் இருபது சதுர கிலோமீற்றர் அளவான அச்சதுப்பு நிலங்கள் முற்றாக அழிந்தால் வெள்ளத்தால் ஆண்டுதோறும் நேரக்கூடிய நட்டம், அந்நகரத்தின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு வீதமாகும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். 2018இல், உலகிலே முதன்முறையாக ராம்சார் ஈரநில நகரம் என்னும் சிறப்பைப் பெற்ற பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் இடம்பெற்றது. பெத்தகானவிற் சதுப்பு நிலத்தையே பூங்காவாக்கி மக்கள் உலாவ விட்டிருக்கிறார்கள். பயனற்ற சேற்றுநிலம் என்று கருதப்பட்டது, பணம் கொடுத்தும் பெற முடியாத காவல் என்பது அங்கே தெளிவாயிற்று.

படுவான்கரையில்

கல்முனையிலிருந்து மேற்கே திரும்பிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தோம். மாரி உச்சத்தில் இத்தாம்போதியின்மேல் நீர் பாய்ந்து, பாடசாலைப் பிள்ளைகளும் நோயாளரும் அக்கரையிலும் இக்கரையிலும் தங்கிப்போன ஆண்டுகள் பல. 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வயல்நீரும் வந்து கலக்கும் தென்வாவியின் வாயில் இது. நாம் சென்றபோது இருபுறமும் நீர்த்தாவரங்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கிடந்தன. வெண்கொக்குகள் அவற்றின்மேல் நடந்து திரிந்தன. நாவிதன்வெளி, மண்டூர், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை என்று வழி நீண்டது.

படுவான்கரை வாவியோரத்தில் ஆங்காங்கே பன் செழித்து வளர்ந்து நிற்கிறது. பன்பாய் இழைக்கும் பெண்களுக்கு அது கைப்பொருள். ஆனால் அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. வயல்களிலிருந்து வேகமாக வரும் நீரை அது தன் அடர்ந்த தாள்களால் தடுத்து மெதுவாக்குகிறது. நீர் சுமந்துவரும் மண்ணைப் படியச் செய்கிறது. உரத்தின் மிகுதியை உறிஞ்சுகிறது. அதற்கு அப்பால், உவர்நீர் தொடும் ஓரத்திற் கண்டல் மரங்கள் வேரூன்றிக் கரையைப் பிடித்து நிற்கின்றன. அவற்றின் வேரிடுக்கே இறாற் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். போர்க்காலத்திலும், இறாற் பண்ணைகள் பெருகிய காலத்திலும் இவ்வாவியின் கண்டற்காடு பெரிதும் குறைந்துவிட்டது. இப்பொழுது பல இடங்களில் மீள நடுகிறார்கள். நாற்று நடுவதிலும் பார்க்க, நின்ற மரத்தை வெட்டாதிருப்பது எளிது, மலிவும் அதுவே.

வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு முதிய கமக்காரர் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, மேல பெய்யிற மழைக்கு நாங்க பயப்படுறல்ல. நெல்லு நாலு நாள் தண்ணிக்க நிண்டாலும் தாங்கும். ஆறு வடியாம எட்டு நாள் நிண்டாத்தான் அழுகிப்போகும். முகத்துவாரத்த வெட்டினா எங்கட வயல் தப்பும். முந்தி வெட்டினா ஆத்தில தொழில் செய்யிற ஆக்களுக்கு இறால் போயிரும். அவங்களும் புள்ள குட்டிக்காரர்தானே!"

இப்பேச்சில் நகரத்தார் கற்கவேண்டியது ஒன்று உண்டு. வெள்ளத்தின் தீமை அதன் உயரத்தில் மாத்திரம் இல்லை. அது எத்தனை நாள் நிற்கிறது என்பதிலும் இருக்கிறது. ஊரின் தேவையும் அதுவே. மழை விழுந்த உடனே நீர் மறைந்துவிட வேண்டுமென்பதில்லை. விளையாட்டு மைதானத்தில், புல்வெளியில், வயலில் இரண்டு நாள் நின்று வடிந்தாற் குற்றமில்லை. நுளம்பின் முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். அதற்குள் வடிந்துவிடும் நீரால் டெங்கும் பெருகாது. நிலையாக நீர் நிற்கும் குளங்களில் மீன் இருந்தால் அவையே புழுக்களைத் தின்றுவிடும்.

செலவுக் கணக்கு

பசுமைக் கட்டமைப்பு என்று இக்காலத்துப் பொறியியலாளர் சொல்வது இதனைத்தான்: மண்ணையும் புல்லையும் மரத்தையும் தாழ்நிலத்தையும் கொண்டே மழைநீரை ஏந்துதல், தாமதப்படுத்துதல், மெல்ல விடுதல். டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் 2011 ஜூலை 2ஆம் நாள், இரண்டு மணிநேரத்திற் சுமார் 150 மில்லிமீற்றர் மழை கொட்டி நகரம் மூழ்கியது. நிலத்தடிக் குழாய்கள் எல்லாவற்றையும் பெரிதாக்குவதிலும், பூங்காக்களைத் தாழ்த்தி நீரை அவற்றில் தங்கவிடுவதும் சில வீதிகளையே நீரோடும் வழியாக அமைப்பதும் செலவு குறைந்தவை என்று கணக்கிட்டு, அந்நாட்டார் அவ்வாறே திட்டம் வகுத்தனர். பொருள் மிகுந்த நாடே செலவுக்கு அஞ்சி இவ்வழியை நாடுமாயின், நாம் வேறு வழியைத் தேடுவது எதற்கு?

நமது நாட்டிலும் இது புதிய கொள்கையன்று. வறண்ட வலயத்திற் குளத்துக்குக் குளம் தொடராக அமைத்து, ஒன்றின் மிகைநீரை அடுத்தது ஏந்தும்படி செய்து, குளத்தின் மேற்புறத்தில் மரச்சோலையும் புற்பரப்பும் விட்டு மண்ணைத் தடுத்த முறை பல நூற்றாண்டுப் பழமையுடையது. 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அதனை உலக முக்கியத்துவம் பெற்ற விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்திலே ஆடி அமாவாசையன்று மக்கள் தீர்த்தமாடும் குளம் போன்ற கோயிற் குளங்களும் மழைநீர் தங்கும் இடங்களே. ஊர் நடுவே ஒரு குளத்துக்கென நிலம் ஒதுக்கி, அதனை எவரும் நிரப்பத் துணியாதபடி தெய்வத்தின் பெயரால் காத்தனர் நம் முன்னோர்.

ஆதலின், செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி வரிசைப்படுத்தினால் நமது கடமை இவ்வாறு அமையும். முதலாவது, எஞ்சியிருக்கும் வட்டையையும் தோணாவையும் குளத்தையும் கண்டற்கரையையும் நிரப்பாதிருத்தல். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. உறுதி மட்டும் வேண்டும். இரண்டாவது, அடைபட்ட தோணாக்களையும் மதகுகளையும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் துப்புரவாக்குதல். மூன்றாவது, மதில்களின் அடியில் வழிவிடுதலும் முற்றங்களைத் திறந்து வைத்தலும். நான்காவது, வீதியோரங்களில் ஆழமற்ற புல்வாய்க்கால் அமைத்தலும் பாடசாலை மைதானங்களைச் சற்றுத் தாழ்த்தி நீர் தங்கவிடுதலும். இவற்றை எல்லாம் செய்த பின்னரும் மிஞ்சும் நீருக்கே சீமெந்து வடிகானும் நீரிறைக்கும் இயந்திரமும். நாமோ பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகிறோம். முதலில் நிரப்புகிறோம், பின்னர் கடன்பட்டு வடிகான் கட்டுகிறோம்.

புல்வாய்க்காலுக்கும் பராமரிப்பு வேண்டும். புல் வெட்ட வேண்டும், குப்பை அள்ள வேண்டும், படிந்த மண்ணை அகற்ற வேண்டும். கட்டிவிட்டு மறந்துபோகும் வேலை அன்று இது. ஆனால் அதற்கு மண்வெட்டியும் ஊராரின் கையும் போதும். மூடிய வடிகானுக்குள் இறங்கித் துப்புரவு செய்யும் துன்பத்தையும் எண்ணிப் பாருங்கள். எது மேல் என்பது விளங்கும்.

முகத்துவாரம்

2014இல் திறக்கப்பெற்ற மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, மாலை சாயும் வேளையிற் பாலமீன்மடு சேர்ந்தோம். 1913இல் எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு வாவியைக் காவல்புரிவது போல் நிற்கிறது. எதிர்ப்புறம் நாவலடி, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற ஊர்.

கோடையில் வாவிநீர் குறைய, கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை மூடிவிடுகிறது. மாரியில் வாவி உயர்ந்ததும் அம்மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். முதலிற் சிறு வாய்க்கால் ஒன்று வெட்டினால் போதும். வாவிநீரே தன் வேகத்தால் மணலை அரித்து அகலமான வாயாக்கிக்கொள்ளும். இத்தனை பெரிய வாவியின் வெள்ளத்தை வடிக்க வேண்டும் செலவு இவ்வளவே. ஆனால் எந்த நாளில் வெட்டுவது என்பதிலேதான் சிக்கல். வாவி தாழ்ந்திருக்கையில் வெட்டினால் நீரோட்டத்தின் வேகம் போதாது; வாய் மீண்டும் மூடிக்கொள்ளும்; இறாலும் மீனும் முதிருமுன் கடலுக்குப் போய்விடும். தாமதித்தால் வயல் அழுகும்; ஊர் மூழ்கும். கமக்காரர் விரைவாக வெட்டச் சொல்வர். மீனவர் பொறுக்கச் சொல்வர். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆகையால் இருதிறத்தாரையும் அதிகாரிகளையும் ஓரிடத்தில் இருத்தி, வாவியின் நீர்மட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதே முறை.

நகரமும் இவ்விருவருடைய வழக்கில் மூன்றாவது கட்சிக்காரராக இருக்கிறது. ஆனால் தன் பங்கை அது உணர்வதில்லை. ஒவ்வொரு வளவும் தன் நீரைச் சில நாள் தன்னிடமே வைத்திருக்குமானால், ஊர்நீர் வாவிக்கு ஒரேயடியாக வந்து விழாது. முகத்துவாரத்தை அவசரப்பட்டு வெட்டவேண்டிய நெருக்கடியும் அந்த அளவுக்குத் தளரும். காத்தான்குடியில் ஒருவர் தம் முற்றத்தை மணலாக விடுவதற்கும், வெல்லாவெளியில் ஒருவரின் நெல் தப்புவதற்கும், பாலமீன்மடுவில் ஒருவரின் வலையில் இறால் படுவதற்கும் தொடர்பு உண்டு. தனித்தனியே பார்த்தால் அத்தொடர்பு மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான முற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால் சிறிதன்று.

மாரிக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கும் இவ்வேளையில், வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. முதல் மழை பெய்யும் நாளிற் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, உங்கள் வளவில் விழும் நீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே தடைப்படுகிறது, இறுதியில் யார் வாசலில் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள். பார்த்தபின், மதிலில் துளை விடுவதா, கிரவல் கொட்டுவதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.